நிலாவிலும் முட்டும்

வசந்தாமணிக்குத் தன் மருமகள் பிரவீனாவிடம் ஒரே ஒரு குறைதான். ஆனால் அந்த ஒன்றைச் சொல்லாத இடம் பாக்கி இல்லை. பால் சொசைட்டியில் நின்றால் சொல்வாள், வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிப்பாள். "தங்கமான புள்ளதானுங்க. ஆனா ஒரு கொடம் தண்ணி எடுத்தாரச் சொன்னா ரெண்டு எடத்துல எறக்கி வெச்சுத்தான் ஊடு வந்து சேருவா."

சொன்னதில் பொய் இல்லை. பிரவீனா சேலம் அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. மாட்டைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் நிற்பாள். மல்லசமுத்திரம் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கல்யாணமான கையோடு வசந்தாமணியின் மகன் நவீன்குமார் ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டான். தோட்டத்து வீட்டில் மாமனார், மாமியார், மருமகள், அப்புறம் செவலை. செவலை என்பது வசந்தாமணியின் கறவை மாடு. நானூறு கிலோவுக்குக் குறையாது. வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று கேட்டால் முதலில் செவலை பேச்சுத்தான் எடுபடும்.

போன வாரம் ஒரு நாள் சாயந்தரம் வசந்தாமணி கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தாள். பிரவீனா வழக்கம்போலப் பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று தனக்குத் தானே சிரித்தாள்.

"என்ன கண்ணு, தனியாச் சிரிக்கறே?"

"ஒரு பையன் எழுதியிருக்கானுங்க அத்தை. நிலாவுக்குப் போனவங்க எல்லாரும் எளைச்சுப் போய்த்தான் திரும்பி வருவாங்களாம். எடை ஆறுல ஒரு பங்காயிருமே, அதனாலயாம்."

"எளைக்க மாட்டாங்களா பின்னே? எடை கொறஞ்சா எளைச்சதாத்தான அர்த்தம்?"

பிரவீனாவுக்குப் பாடம் என்றால் பசி தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டாள். "எடைங்கறது பூமி நம்மளக் கீழ இழுக்கற இழுப்புங்க அத்தை. நிலா அத்தனை பலமா இழுக்காது. அதனால எடை கொறையும். நிறைங்கறது வேற. நம்ம ஒடம்புல என்ன இருக்குதோ, அதோட அளவு. அது எங்க போனாலும் கொறையாது. இப்ப செவலையைக் கொண்டுபோய் நிலாவுல உட்டா, நீங்களும் மாமாவுமே ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிரலாம்."

"அடேங்கப்பா."

"ஆனா ஓடி வந்து முட்டுச்சுன்னா, இங்க முட்டற மாதிரியேதான் முட்டும். முட்டறதுக்கு எடை வேண்டாம், நிறை போதும். நிலாவுல இருக்கோம், மாடு லேசாத்தான இருக்குதுன்னு கை காட்டி நிறுத்தப் போனா எலும்பு மிஞ்சாது."

வசந்தாமணி சிரித்ததில் கறந்த பால் கையில் தெறித்தது. மறுநாள் சொசைட்டியில் குடத்துக் கதையோடு இதையும் சேர்த்துச் சொன்னாள். நிலாவிலும் மாடு முட்டுமாம் என்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செவலை கிணற்றில் விழுந்தது.

குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடு. கிணற்று மேட்டில் ஒரு பக்கம் சுவர் இடிந்திருந்த இடத்தில் பச்சைப் புல் தளதளவென்று இருந்திருக்கிறது. எட்டிப் பார்த்த இடத்தில் மண் சரிந்துவிட்டது. 'தொபீர்' என்ற சத்தம் கேட்டு வசந்தாமணி ஓடி வந்து பார்க்கும்போது இருபதடிக்குக் கீழே, பச்சைத் தண்ணீரில், செவலையின் தலை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மூக்கை மேலே தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது. கட்டுத்தரையில் கன்றுக்குட்டி கத்த ஆரம்பித்திருந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் வந்த வேகத்தில் கிணற்றுக்குள் குதித்தார். நீச்சலில் அவருக்கு நிகர் சுத்துப்பட்டில் ஆள் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்கள். வண்டி வேறொரு ஊரில் தீயை அணைக்கப் போயிருக்கிறது, முடிந்ததும் வருகிறோம் என்றார்கள். மாடு அது வரை தாங்குமா என்பதுதான் கேள்வி. கிணற்றுப் படிக்கட்டு ஆள் ஏறுகிற அகலம், மாடு ஏறாது. விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் நீந்தும், அப்புறம் முழுகும்.

வசந்தாமணியின் கணவர் தனபால் டிராக்டரோடு வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய குரல் வந்தது. கிணற்று மேட்டில் மோட்டார் தூக்குவதற்காக இரண்டு கல்தூண் நட்டு, அதிலிருந்து கிணற்றுக்குள் நீளும் இரும்புச் சட்டமும் அதில் ஒரு கப்பியும் மாட்டியிருந்தார்கள். கயிற்றைக் கப்பி வழியாகக் கீழே விட்டார். மகன் போட்டுவிட்டுப் போயிருந்த அகலமான நைலான் பட்டைகள் இரண்டைச் சின்னண்ணன் தண்ணீருக்குள்ளேயே மாட்டின் அடியில் கொடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று என்று கட்டினார்.

"தண்ணிக்குள்ள பஞ்சாட்டம் திரும்புதுங்கண்ணா," என்று கீழேயிருந்து சத்தம் போட்டார். "தூக்குங்க."

தனபால் கயிற்றின் மறு முனையை டிராக்டரின் கொக்கியில் மாட்டினார். சேற்றில் சிக்கிய லாரியை இழுத்தே பழகிய மனிதர். சிக்கின லாரியைக் கெஞ்சி இழுத்தால் வராது, ஒரே எடுப்பில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது. கிளட்சை வெடுக்கென்று விட்டார். டிராக்டர் பாய்ந்தது. தொய்வு ஒரு நொடியில் விறைத்தது. செவலையின் முதுகு தண்ணீருக்கு மேலே வந்ததை வசந்தாமணி பார்த்தாள். அடுத்த கணம் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கயிறு அறுந்து மேலே தெறித்தது. மாடு மறுபடியும் தண்ணீருக்குள் போய், இருமிக்கொண்டு மேலே வந்தது.

தனபாலுக்கு நம்ப முடியவில்லை. அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன மாசம் இதே கவுத்துலதான் மோட்டாரும் பைப்பும் சேர்த்துத் தூக்குனேன். மாட்டை விடக் கனம். அன்னைக்குத் தாங்குன கவுறு இன்னைக்கு எப்படி அறும்?"

"மாடு தண்ணி குடிச்சிருச்சுண்ணா," என்றார் கீழேயிருந்து சின்னண்ணன். "வயிறு ரொம்பிக் கனம் ஏறிப் போச்சு."

அந்த நேரத்தில்தான் பிரவீனா ஓடி வந்தாள். ஒரு கையில் சிவப்புப் பேனா. மறு கை மணிக்கட்டில் விடைத்தாள் கட்டின நூல் சுற்றிக் கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தாள், அறுந்த கயிற்றைப் பார்த்தாள், டிராக்டர் சக்கரம் மண்ணைப் பறித்திருந்த தடத்தைப் பார்த்தாள். "கவுறு மாட்டோட எடையால அறலீங்க மாமா. வெடுக்குனு இழுத்ததால அறுந்துச்சு."

லாரியில் லோடு கட்டும் கயிறு ஒன்று கொட்டகையில் இருந்தது. தனபால் அதை எடுத்துவந்து கப்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த நீளக் கயிறு அது ஒன்றுதான். அதுவும் போனால் அப்புறம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"இந்தத் தடவை இன்னும் வேகமா எடுக்கோணும்," என்றார் அவர். "பாதியில நின்னதாலதான் அறுந்துச்சு."

பிரவீனா காலடியில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்தாள். மணிக்கட்டு நூலை அவிழ்த்து அதில் கட்டினாள். மாமனாரின் எதிரில் போய் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் அப்படி நின்றவள் இல்லை. நூலைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தாள். செங்கல் சாதுவாக எழுந்து அந்தரத்தில் தொங்கியது. கீழே இறக்கினாள், நூலைத் தொய்ய விட்டாள், வெடுக்கென்று இழுத்தாள். நூல் அறுந்து செங்கல் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அதே நூல், அதே செங்கல்லுங்க மாமா. மெதுவாத் தூக்குனா எடையைத் தாங்குனாப் போதும். வெடுக்குனு இழுத்தா, சும்மா கெடக்கறதை ஒரு நொடியில ஓட வைக்கணும். அதுக்கு நிறை வழி உடாது. நூலு அங்கதான் அறுது. மாடு எத்தனை தண்ணி குடிச்சிருந்தாலும் இதுதாங்க."

"கெணத்துல ஒரு சீவன் தத்தளிக்குது. இங்க நூல்ல வித்தை காட்டிட்டிருக்கறே," என்றார் தனபால். டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வசந்தாமணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மருமகள் சொன்னது அத்தனையும் புரிந்தது என்றால் பொய். ஆனால் கட்டுத்தரையில் கேட்ட நிலாக் கதை மனசில் வந்து நின்றது. எடை போனாலும் முட்டுவது போகாது. தண்ணீருக்குள் பஞ்சு மாதிரி திரும்பின மாடு, இழுத்தவுடன் கயிற்றை அறுத்துப் போட்டதை இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. முப்பது வருஷமாகப் புருஷன் பேச்சை எல்லார் எதிரிலும் தட்டியதில்லை. அதற்காக மாட்டைப் பலி கொடுக்க முடியுமா?

டிராக்டரின் முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க, மாடு என்னுது. புள்ள சொல்றபடி ஓட்டுங்க. இல்லாட்டி எறங்குங்க, நான் ஓட்டறேன்."

அவளுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. அது தனபாலுக்கும் தெரியும். இருந்தாலும் மனுஷன் மருமகள் பக்கம் திரும்பி, "சொல்லு கண்ணு, எப்படி ஓட்டோணும்?" என்றார்.

அதற்கப்புறம் பிரவீனாவைப் பார்க்க வேண்டுமே. குடம் தூக்க முடியாத பெண் கிணற்று மேட்டில் நின்று ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தாள். கயிற்றை இரட்டையாக மடித்து மாட்டச் சொன்னாள். தொய்வு முழுக்கப் போய், கயிறு விறைப்பாக நின்ற பிறகுதான் மாடு அசைய வேண்டும் என்றாள். அறுந்த கயிற்றை இரண்டு துண்டாக்கி, மாட்டின் முன் பட்டையில் ஒன்றும் பின் பட்டையில் ஒன்றும் சின்னண்ணனைக் கட்டச் சொன்னாள். முன் கயிற்றைத் தான் வைத்துக்கொண்டு, பின் கயிற்றின் முனையைக் கிணற்றின் எதிர்க்கரைக்குக் கொண்டுவந்து, அங்கே இருந்த தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வசந்தாமணியின் கையில் கொடுத்தாள்.

"அத்தை, மாடு மேல வந்ததும் நாங்க அந்தப் பக்கம் கரைக்கு இழுப்போம். நீங்க இங்கிருந்து கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் குடுக்கணும். தொங்கும்போது எடையைக் கப்பி தாங்கிக்கும். ஆனா ஆடுச்சுன்னா நிறுத்தறதுக்கு உங்க கயிறு மட்டுந்தான். மறந்துகூட முழுசா விட்டுராதீங்க."

"உடமாட்டேன் சாமி," என்றாள் வசந்தாமணி.

இரண்டாம் முறை டிராக்டர் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தனபாலின் வாய்க்கு இருந்த அவசரம் இந்தத் தடவை காலில் இல்லை. கிளட்சைப் பாதி மிதித்து, எறும்பு ஊருவது போல வண்டியை நகர்த்தினார். நெற்றியில் வேர்வை வடிந்தது. பதறாத காரியம் சிதறாது என்று அடுத்தவர்களுக்கு ஆயிரம் முறை சொன்ன மனுஷன், அன்றைக்குத்தான் அதைத் தானே செய்து காட்டினார். கயிறு முறுக்கேறி முனகியது. செவலையின் முதுகு வந்தது, வயிறு வந்தது, நாலு காலும் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. கயிறு அறவில்லை. மாடு அந்தரத்தில் மிதந்து மேலே வந்தது.

கரை மட்டத்துக்கு மேலே வந்ததும் டிராக்டர் நின்றது. பிரவீனா முன் பட்டையில் கட்டின கயிற்றை மெல்ல இழுத்தாள். நானூறு கிலோ மாடு, அந்த ஒல்லிக் கைக்குக் கட்டுப்பட்டு, தொட்டில் மாதிரி கரைப் பக்கம் நகர ஆரம்பித்தது. எதிர்க்கரையில் வசந்தாமணி விரல் விரலாகக் கயிற்றை விட்டுக் கொடுத்தாள்.

படியேறி வந்த சின்னண்ணன் இதைப் பார்த்துச் சிரித்தார். "அட, இத்தனைதானா. பூவாட்டம் வருது. நான் ஒத்தக் கையில புடிச்சுக்கறேன்." கல்தூணுக்கு முதுகைக் கொடுத்து, மாட்டுக்கு எதிரே கையை நீட்டி நின்றார். தொங்குகிற மோட்டாரை அப்படித் தள்ளி நகர்த்தி அவருக்குப் பழக்கம். பாவம், நல்ல மனிதர், உதவி என்று நினைத்துத்தான் நின்றார்.

செவலைக்குக் கரை கண்ணில் பட்டது. பின்னங்காலால் கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பை எட்டி ஓங்கி உதைத்தது.

வசந்தாமணியின் கையில் இருந்த கயிறு சரசரவென்று ஓடியது. உள்ளங்கை தீயாக எரிந்தது. எதிரே மாடு வேகம் ஒன்றும் பெரிதாக இல்லாமல், ஆள் நடக்கிற நடையில், தூணைப் பார்த்து வந்தது. அந்த நடையில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கப்பி எடையை வாங்கிக்கொண்டது, மாட்டை வாங்கிக்கொள்ளவில்லை. முழு மாடும் வருகிறது. நிலாவில் முட்டுகிற மாடு இதுதான்.

பிரவீனா கையில் இருந்த கயிற்றை விட்டுவிட்டு, மாட்டைக் கண்டால் பத்தடி ஒதுங்குகிறவள், மாட்டுக்கும் தூணுக்கும் நடுவே பாய்ந்தாள். சின்னண்ணனின் இடுப்புத் துண்டைப் பிடித்து ஒரு இழுப்பு. இரண்டு பேரும் பக்கவாட்டில் உருண்டு விழுந்தார்கள். வசந்தாமணி தன் முழுப் பலத்தையும் போட்டுத் தென்னை மரத்தைச் சுற்றியிருந்த கயிற்றை இறுக்கினாள். கயிறு மரத்தைக் கவ்வியது, மாடு தயங்கியது, ஆனாலும் மிச்ச வேகத்தோடு போய்த் தூணில் இடித்தது. தூணை ஒட்டிக் கைப்பிடிச் சுவரின் மேல் யாரோ வைத்திருந்த காலி எண்ணெய் டின் நடுவில் மாட்டிக்கொண்டது. 'நறுக்' என்று ஒரு சத்தம். சின்னண்ணனின் நெஞ்சு இருந்த இடம் அது.

டின் நசுங்கிய கோலத்தைப் பார்த்துச் சின்னண்ணன் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "மெதுவாத்தான கண்ணு வந்துச்சு?" என்றார் பிரவீனாவிடம், குழந்தை மாதிரி.

"மெதுவாத்தானுங்க வந்துச்சு. ஆனா முழுசா வந்துச்சு," என்றாள் அவள். எழுந்து புடவை மண்ணைத் தட்டிக்கொண்டு, "மாமா, இப்ப ரிவர்ஸ். அதே மாதிரி எறும்பாட்டம்," என்றாள்.

செவலையின் கால் தரையில் பட்டது. முதலில் மடங்கி உட்கார்ந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. வசந்தாமணி கிணற்றைச் சுற்றி ஓடி வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். தனபால் டிராக்டரை அணைத்துவிட்டுத் துண்டால் மாட்டின் முதுகைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் அது உதறிக்கொண்டு எழுந்தது. கட்டுத்தரையில் கன்று கத்துவது காதில் விழுந்ததுதான் தாமதம், விடுவிடுவென்று நடந்தது. வழியில் பிரவீனா நின்றிருந்தாள். செவலை அவளை ஏதோ செடியை ஒதுக்குகிற மாதிரி தோளால் ஒரு இடி இடித்துவிட்டுப் போனது. உயிரைக் காப்பாற்றினவள் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தாள்.

வசந்தாமணி அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். "ஏங்கண்ணு, நிலாவுலயும் இப்படித்தானா?"

"இப்படியேதானுங்க அத்தை," என்றாள் பிரவீனா சேற்றில் உட்கார்ந்தபடி.

வசந்தாமணி கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கும்போதுதான் தன் உள்ளங்கைத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தாள். உருண்டு விழுந்ததில் மருமகளின் கையும் அப்படித்தான் இருந்தது. இத்தனை நாள் இந்தப் பெண்ணை என்னவென்று நினைத்திருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாகவும், ஒரு பக்கம் தலைகால் புரியாத பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் அதிகம். தீயணைப்பு வண்டி வந்தபோது இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்து ஒருவர் கையில் ஒருவர் தடவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் வரிசையில் நின்றபோது, விஷயம் தெரியாத பழனியம்மாள் வழக்கம்போலப் பேச்சைக் கிளப்பினாள். "ஏனக்கா, உங்க மருமவ இப்பவாச்சும் கொடம் தூக்கறாளா?"

"எம்பட மருமவ மாட்டையே தூக்குனவ," என்றாள் வசந்தாமணி. "கொடத்தை நான் தூக்கிக்கறேன்."